வேலியில்லாத மலையில் நோரீன்

எங்கள் மலையில் வேலி கிடையாது. வேல்ஸ் நாட்டின் கும் ஹெலிக் பள்ளத்தாக்கில் பண்ணைகள் எல்லாம் கீழே ஓடையோரம் கல்சுவர்களுக்குள் இருக்கின்றன. சுவரைத் தாண்டி மேலே போனால் மலை பொது. எல்லாப் பண்ணைகளின் செம்மறிகளும் அங்கேதான் மேய்கின்றன. ஆனாலும் கெவன் கோச் பண்ணையின் ஆடு பிளைன் நந்த் சரிவுக்கு வராது. பிளைன் நந்த் ஆடு கெவன் கோச் சரிவுக்குப் போகாது. தாய் மேய்ந்த சரிவில் குட்டி மேயும், பிறகு அதன் குட்டியும் மேயும். அந்தச் சரிவுக்குக் கனெவின் என்று பெயர். குத்தகை கைமாறும்போது போகிறவர் கட்டில், கடிகாரம், நாய் என்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். மலை ஆடுகளை மட்டும் வருகிறவருக்கு விற்றுவிட்டுப் போவார். சரிவிலிருந்து பிரித்தால் அந்த ஆட்டுக்கும் மதிப்பில்லை, சரிவுக்கும் மதிப்பில்லை.

வெல்ஷ் மொழியில் அது பழைய சொல். பழகிப்போனது, பரிச்சயமானது என்பது அதன் பொருள். குளிர் உறைக்காதவரைக் குளிருக்குக் கனெவின் என்போம். புதுத் தடத்தில் பேருந்து ஓட்டுகிறவர் இன்னும் கனெவின் ஆகவில்லை என்போம். ஆட்டுக்குச் சொன்ன சொல் மனிதருக்கும் வந்தது: ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நடக்கக்கூடிய ஊர் அவருடைய கனெவின். இதில் எங்கேயும் ரத்தத்தைப் பற்றிய பேச்சு இல்லை. அந்தச் சொல்லுக்குள் ரத்தத்தை ஊற்றியது நாங்கள்தான். பழைய மந்தையின் ரத்தம், பழைய குடும்பத்தின் ரத்தம் என்று ஜெபக்கூடத்து மூப்பர்களில் இருந்து கம்பளி வியாபாரி வரை பேசிப் பேசி அதை அப்படி ஆக்கிவைத்தோம். ரத்தம் என்று எவர் பேச ஆரம்பித்தாலும் அங்கே யாருக்கோ வாசல் சாத்தப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே அது நோரீனுக்குச் சாத்தப்பட்டது.

லிவர்பூல் நகரத்து விடுதி ஒன்றிலிருந்து பிளைன் நந்த் பண்ணைக்கு அனுப்பப்பட்டபோது நோரீனுக்கு ஒன்பது வயது. தாயும் இல்லை, தகப்பன் யாரென்றும் தெரியாது. வெல்ஷில் ஒரு வார்த்தை தெரியாது. பால் அறைக்கு மேலிருந்த பரணில் படுக்கை. பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் கணப்பில் நெருப்பு மூட்டி, கோழிக்கூண்டைத் திறந்து, வாளி கழுவ வேண்டும். குழந்தைக்கு நல்ல வீடு கிடைத்தது என்று விடுதிக்காரர்கள் புண்ணியம் தேடிக்கொண்டார்கள். அநாதைக்கு இடம் கொடுத்தோம் என்று பண்ணைக்காரர்களும் தேடிக்கொண்டார்கள். வாளி கழுவியது குழந்தை.

குத்தகைதாரர் இதெலும் அவர் மனைவி லவ்ரியும் கெட்டவர்கள் இல்லை. பிள்ளையில்லாதவர்கள். வயிறாரப் போட்டார்கள், கையை நீட்டவில்லை. நோரீன் வளர்ந்ததும் ஊர் வழக்கப்படி தங்கள் மந்தையில் சில பெட்டை ஆடுகளை அவருக்கென்று ஒதுக்கினார்கள். பண்ணையாளுக்குக் கூலியில் ஒரு பங்கை ஆடாகக் கொடுப்பது இங்கே பழைய பழக்கம். தத்தெடுக்கும் பேச்சு மட்டும் ஒவ்வொரு வருஷமும் புல் அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போனது. கடைசிவரை அந்த அறுப்பு முடியவே இல்லை.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் ஒன்றுதான். அதனால் பண்ணைப் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். இத்வால் என்றால் கெவன் கோச் இத்வால். இதெல் என்றால் பிளைன் நந்த் இதெல். நோரீன் வெல்ஷில் கனவு கண்டார், வெல்ஷில் திட்டினார், ஜெபக்கூடத்தில் ஆல்டோ என்ற கீழ்க் குரலில் பாடினார். தலை நரைத்த பிறகும் அவர் லிவர்பூல் நோரீன்தான்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டுக் கோடையில் கோமாரி நோய் மலைக்கு வந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த மந்தைகளைக் கொல்ல உத்தரவு வந்தது. நோய் இருந்த ஆடு, இல்லாத ஆடு என்று பார்க்கவில்லை. பிளைன் நந்த் சரிவு ஒரே நாளில் காலியானது. ஓடைக்கு அந்தப் பக்கம் மேய்ந்த கெவன் கோச் மந்தை தப்பியது. லவ்ரி முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். இதெல் அந்தக் குளிர்காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்தார். வெறும் மலையைப் பார்க்கும்படி அவர்தான் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார்.

அடக்கம் முடிந்த வாரமே எஸ்டேட் ஏஜென்ட் கார்பெட் பிளைன் நந்துக்கு வந்தார். நில உரிமை எஸ்டேட்டுக்கு. நாங்கள் எல்லாரும் குத்தகை. அவர் மேய்ச்சல் சங்கத் தலைவரான இத்வாலையும் கூட்டிக்கொண்டு வந்தார். தபாலாபீஸ் டெக்வென் ஏற்கெனவே அங்கே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் நோரீனின் தோழி, பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்.

"குத்தகை ரத்த சொந்தத்துக்குத்தாங்க போகும்," என்றார் கார்பெட். "இதெலுக்கு அப்படி யாரும் இல்ல. கீழ் வயல்ல ஸ்ப்ரூஸ் மரம் வெச்சிடலாம்னு எஸ்டேட்ல யோசிக்கிறாங்க."

"நான் ஒம்பது வயசுல இருந்து இங்கதான் இருக்கேன்," என்றார் நோரீன்.

"இருந்தீங்க. என்னவா இருந்தீங்கன்றதுதான் கேள்வி."

"அதையும் சொல்லுங்களேன், கேப்போம்," என்று டெக்வென் கேத்தலை ணங்கென்று வைத்தார்.

இத்வால் தொண்டையைச் செருமினார். அவருக்கு லிவர்பூலைப் பிடிக்காது. ஸ்ப்ரூஸ் மரத்தை அதைவிடப் பிடிக்காது. "மரம் வெச்சா இந்தப் பண்ணைக்கு ஆடு இருக்காது. ஆடு இல்லேன்னா மேல சரிவு காலியாவே கிடக்கும். காலி இடத்தைப் பாத்தா எங்க ஆடு எல்லாம் அங்க பாயும். அப்புறம் எவன் ஆடு எங்கன்னு ஊரே அடிச்சுக்கும்."

"அப்ப இந்த அம்மா புது மந்தை விடட்டுமே," என்றார் கார்பெட், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. "இலையுதிர்காலத்துல மலை ஆட்டையெல்லாம் கூட்டி இறக்குவீங்க இல்ல? அன்னிக்கு வரேன். மந்தை எடத்துல நிக்குதுன்னு சங்கத் தலைவர் சொல்லட்டும், குத்தகை இவங்க பேருக்கு எழுதறேன். இல்லேன்னா மரம்."

"வாங்கின ஆடு நிக்காதுங்க," என்றார் இத்வால். "கனெவின் ரத்தத்துல ஊறி வரணும். கடையில விக்கற சரக்கா அது?"

"என்னைச் சொல்றீங்களா, ஆட்டைச் சொல்றீங்களா?" என்று நோரீன் கேட்டார்.

இத்வால் கேக்கை எடுத்துக் கடித்தார்.

கொல்லப்பட்ட மந்தையில் நோரீனுக்கென்று இருந்த ஆடுகளுக்கு ஈட்டுத்தொகை வந்திருந்தது. அதை அப்படியே கொடுத்து, கிழக்கே வேலியடைத்த பண்ணையில் வளர்ந்த ஆடுகளைக் குட்டிகளோடு வாங்கினார். மே மாதம் மலையில் விட்டார். அவற்றுக்குத் திறந்த வெளியைக் கண்டு பழக்கமில்லை. முதல் நாளே நாலா பக்கமும் சிதறின. சில சாலைக்கு இறங்கின, சில ஓடை தாண்டி இத்வாலின் மந்தைக்குள் புகுந்தன.

நோரீன் அப்போது ஒரு தவறு செய்தார். அவசரத்தில் இருக்கிற எந்த மலைப் பண்ணைக்காரரும் செய்யக்கூடிய தவறுதான். குவாட் என்கிற பழைய நாலுசக்கர மலைவண்டி ஒன்றில் தீவன மூட்டையைக் கட்டிக்கொண்டு தினமும் சரிவின் நடுவே போய்க் கொட்டினார். வண்டிச் சத்தம் கேட்டதும் எங்கே இருந்தாலும் ஆடுகள் ஓடி வந்தன. நோரீனுக்குச் சந்தோஷம். ஊர்க்காரர்களும் கீழே நின்று பார்த்து, பரவாயில்லையே என்றார்கள்.

ஜூன் மாதம் ஜெபக்கூடத்தில் பாட்டுத் திருவிழா. சுற்றுவட்டார ஜெபக்கூடங்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து நாள் முழுக்கப் பாடும் நாள். இத்வாலின் கார் கிளம்பவில்லை. மூப்பர்களின் பெஞ்சில் தன் இடம் காலியாக இருக்கக் கூடாது என்று, கறுப்புக் கோட்டும் சூட்டுமாகத் தன் குவாட் வண்டியில் மலைப்பாதை வழியே வந்தார். சுவர் வாசலில் கேட்டைத் திறந்தார். மூடுவதற்கு மறுபடி சேற்றில் இறங்க வேண்டும். காலில் அன்று பாலீஷ் போட்ட பூட்ஸ். திறந்தபடியே விட்டுவிட்டு வந்தார்.

உள்ளே இரண்டாவது பாட்டின் உச்சியில் நாங்கள் நின்றிருந்தபோது வெளியே வேறொரு பாட்டுக் கேட்டது. சன்னலோரம் இருந்தவர்கள் திரும்பினார்கள். பிறகு எல்லாரும் திரும்பினோம். இத்வால் வண்டியை விட்டு இறங்கிக் கையை வீசிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி பிளைன் நந்தின் புது மந்தை முழுவதும், குட்டிகள் உட்பட, தீவனம் எங்கே என்று கத்திக்கொண்டு நின்றது. ஓர் ஆடு படியேறி வாசலில் எட்டிப் பார்த்தது.

டெக்வென் பாட்டுப் புத்தகத்தை மூடினார். "சபைக்கு ஆள் சேக்கறதா போன மாசம் கூட்டத்துல சொன்னீங்க, இத்வால். இவ்ளோ சீக்கிரம் சேப்பீங்கன்னு நெனக்கல."

ஜெபக்கூடம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நோரீன் சிரிக்கவில்லை. பாட்டுப் பெஞ்சிலிருந்து இறங்கி, ஞாயிற்றுக்கிழமை உடையோடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனார். திறந்துகிடந்த கேட்டைப் பார்த்தார். சேற்றில் பாலீஷ் பூட்ஸின் தடத்தையும் பார்த்தார்.

எங்கள் ஊரில் கேட்டைத் திறந்துவிட்டுப் போவதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. குடித்துவிட்டு விழலாம், கடன் வைக்கலாம், மூப்பர் மகளை இழுத்துக்கொண்டு ஓடலாம். கேட்டை மூடாதவரோடு யாரும் பேச மாட்டார்கள். அன்று மாலையே டெக்வென் பிளைன் நந்துக்கு ஓடினார்.

"அடியே, உனக்கு அடிச்சது அதிர்ஷ்டம்! கேட்டைத் தொறந்து போட்டது யாருன்னு கார்பெட்டுக்கு ஒரு போன் போடு. சங்கத் தலைவர் பதவியே போயிடும் அந்த ஆளுக்கு. அப்புறம் எப்படி உனக்கு எதிரா வாயத் தொறப்பாரு?"

"கேட்டு தொறந்திருந்தது அவர் தப்பு," என்றார் நோரீன். "ஆடுங்க வண்டிச் சத்தத்துக்குப் பின்னால ஓடினது என் தப்பு. இந்த ஆடுங்க மலைக்குப் பழகல டெக்வென். மூட்டைக்குப் பழகியிருக்கு. அவரைத் தூக்கிட்டா மட்டும் அது மாறிடுமா?"

"நீ நல்லவளா இருந்து இருந்துதான் பரணையில படுத்தே கெடந்த."

"நல்லவள்னு யாரு சொன்னா? அந்தப் பூட்ஸ் தடத்தை நான் மறக்க மாட்டேன். இப்ப வேலை இருக்கு."

மறுநாள் குவாட் வண்டி கொட்டகைக்குள் போனது. தீவனம் நின்றது. நோரீன் நடந்தார்.

விடிகாலையில் ஆடுகள் கீழ்ப்புல்லுக்கு இறங்கும், பொழுது சாயும்போது உயரத்துக்கு ஏறும். அந்த இரண்டு வேளையும் எல்லையில் நின்று மெதுவாக உள்ளே திருப்பிவிட வேண்டும். விரட்டினால் கெட்டது. விரட்டப்பட்ட ஆட்டுக்குப் பயம்தான் ஞாபகம் இருக்கும், இடம் ஞாபகம் இருக்காது. இதெல் விட்டுப்போன ஃபான் என்ற நாய் பாய்ந்து வளைக்கப் பழகியது. அதைக் கயிற்றில் கட்டித் தன் காலோடு நடத்தினார். மேற்குக் காற்று அடித்தால் ஆடுகளைப் பாறை மறைவுக்கு அழைத்துப் போனார். வெயிலில் சுனைக்கு. அவை எங்கேயாவது அமைதியாக அசைபோட்டுப் படுத்தால், தானும் சற்றுத் தள்ளி உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டார். மழை பெய்த நாட்களில் ஊரில் எல்லாரும் நெருப்போரம் இருக்க, மேலே ஒரு மஞ்சள் மழைக்கோட்டு மட்டும் சரிவின் ஓரமாக நகர்ந்துகொண்டிருக்கும்.

இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. காற்று எங்கே அடிக்காது, தண்ணீர் எங்கே வற்றாது, எந்தப் புல் இனிக்கும் என்று தெரிந்துகொண்டால் ஓர் உயிர் அங்கேயே நின்றுவிடும். பழைய மந்தைகளும் என்றோ ஒரு நாள் எங்கிருந்தோ ஓட்டிவரப்பட்டவைதான். யாரோ ஒருவர் இப்படியே நனைந்துகொண்டு அவற்றைத் திருப்பிவிட்டிருப்பார். அந்த ஆளை மறந்துவிட்டு ரத்தத்தை வணங்க ஆரம்பித்தோம்.

ஆகஸ்டில் ஒரு நாள் ஓடைக்கரையில் இத்வால் எதிர்ப்பட்டார். ஜூன் மாதத்திலிருந்து அவர் நோரீனின் கண்ணைப் பார்ப்பதில்லை.

"கால் தேஞ்சு போயிடும் உனக்கு," என்றார் ஓடையைப் பார்த்து.

"தேஞ்சா என்ன, புது பூட்ஸ் வாங்கிப்பேன். பாலீஷ் போட்டதா."

இத்வாலின் காதுமடல் சிவந்தது. "நீ நிக்கறப்ப நிக்குதுங்க. அதை நானும் பாத்தேன். நீ இல்லாதப்ப நிக்கணும். அதுதான் கனெவின்."

அவர் சொன்னது சரிதான். நோரீனுக்கும் அது தெரியும்.

செப்டம்பர் கடைசியில் கூட்டி இறக்கும் நாள் வந்தது. எல்லாப் பண்ணைக்காரர்களும் நாய்களோடு வரிசையாக மலையில் ஏறி, ஆடுகளை வளைத்துக் கீழே சங்கத்துப் பட்டிக்கு ஓட்டிவருவோம். பாதி ஏறும்போதே மூடுபனி இறங்கியது. பக்கத்தில் நின்றவரின் தொப்பி தெரியவில்லை. இத்வால் சீட்டியடித்து எல்லாரையும் திருப்பினார். சுவரோரம் கூடினோம்.

"பனி விலகற வரைக்கும் யாரும் மேல போகக் கூடாது," என்றார். பிறகு நோரீன் பக்கம் திரும்பினார். "நீயும்தான். ஃபானையும் கட்டிப் போடு. இப்ப தெரிஞ்சுடும்."

"பனியில பழைய மந்தையே கலைஞ்சு போகும்," என்று டெக்வென் குறுக்கே வந்தார். "இவ ஆடு வந்து நாலு மாசம்தான் ஆவுது. இது எந்த ஊரு நியாயம்?"

நோரீன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "போக மாட்டேன்," என்றார். "அவர் கேக்கறது நியாயம்தான்."

பனி மறுநாளும் விலகவில்லை. நோரீன் தபாலாபீஸில் வந்து உட்கார்ந்தார். டெக்வென் பழக்கேக் வைத்தார். அது தட்டிலேயே இருந்தது. சன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. மேலே எங்கோ ஆடு கத்தும்போதெல்லாம் நோரீன் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார்.

"நிக்கலேன்னா எங்க போவ?" என்று டெக்வென் கேட்டார்.

"லிவர்பூலுக்குன்னு சொல்வாங்க. அங்க எனக்கு ஒரு தெரு கூடத் தெரியாது."

மூன்றாம் நாள் காலையில் மலை முழுசாகத் தெரிந்தது. கார்பெட் புது ரப்பர் பூட்ஸில் சுவரோரம் காத்திருந்தார். நாங்கள் ஏறினோம். எல்லாருக்கும் முன்னால் இத்வால் போனார்; அவர் வயதில் அந்த வேகம் எதற்கு என்று எங்களுக்குப் புரிந்தது. தன் கண்ணால் முதலில் பார்க்க வேண்டும் அவருக்கு.

பாறை மறைவில் பிளைன் நந்த் மந்தை படுத்திருந்தது. இரவு மேற்குக் காற்று அடித்திருந்தது. அவை மறைவு தேடி அங்கே வந்திருந்தன, யாரும் அழைத்துவராமல். நாய்களைக் கண்டதும் எழுந்தன. தாய்கள் எந்தப் பக்கம் போவது என்று ஒரு கணம் தயங்கின. குட்டிகள் தயங்கவில்லை. மே மாதம் அந்த மலைக்கு வந்தபோது முயல் அளவு இருந்தவை அவை. நேராகச் சுனைப் பாதையைப் பிடித்து இறங்கின, தாய்கள் பின்னால் போயின. பிறந்த பண்ணையின் வேலி எப்படி இருக்கும் என்று அந்தக் குட்டிகளுக்கு நினைவிருக்காது.

எல்லாம் அங்கே இருந்தன என்று சொல்ல மாட்டேன். சில ஓடை தாண்டி கெவன் கோச் சரிவில் நின்றன. அதே சமயம் கெவன் கோச்சின் வயதான பெட்டை ஒன்று, பழைய ரத்தத்திலும் பழைய ரத்தம், கண்காட்சியில் இத்வாலுக்குப் பரிசு வாங்கித் தந்தது, நோரீனின் சுனையில் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இத்வால் அதைப் பார்த்தார். நாங்கள் பார்த்ததையும் பார்த்தார்.

"பனியில வழி தவறிடுச்சு," என்றார்.

"ரத்தத்துல ஏதாச்சும் கோளாறா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

அந்தப் பெட்டை சுனையை விட்டு அசையவில்லை; அதை விட்டுவிட்டு மற்ற ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டிவந்து பிரிக்க ஆரம்பித்தோம். காது வெட்டையும் முதுகுச் சாயத்தையும் பார்த்து, வழிதவறி வந்தவற்றை ஓரமாக ஒதுக்கி, உரியவரைத் தலைவர் உரக்கக் கூப்பிடுவது வழக்கம். பண்ணைப் பெயரும் ஆள் பெயரும் சேர்த்துக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் வந்து தன் ஆட்டை எடுத்துக்கொள்வார். கார்பெட் பட்டிச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"என்ன தலைவரே, சொல்லுங்க. நிக்குதா, நிக்கலையா?"

இத்வால் ஓடை தாண்டி வந்த நோரீனின் ஆடுகளைப் பார்த்தார். நோரீனைப் பார்த்தார், ஜூனுக்குப் பிறகு முதல் முறையாகக் கண்ணுக்கு நேராக. நோரீன் தலையைக் குனியவில்லை. கையில் சுற்றிய கயிறு மட்டும் இறுகியிருந்தது.

இத்வால் மூச்சை இழுத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"பிளைன் நந்த் நோரீன்! வந்து உன் தறுதலைங்களப் புடிச்சிட்டுப் போ!"

டெக்வென் வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாரு?" என்றார் கார்பெட்.

"காது கேக்கலையா சார்? பிளைன் நந்த் நோரீன்னு சொன்னேன். அந்தப் பண்ணைக்கு மந்தை இருக்கு. எங்க மந்தை அளவுக்குத்தான் தறுதலையும் இருக்கு. வேற என்ன வேணும் உங்களுக்கு? எழுதிக்கங்க."

நோரீன் நடந்து வந்து ஒதுக்கி வைத்திருந்த ஆடுகளில் ஒன்றைக் கழுத்தோடு பிடித்தார். முகத்தை அதன் கம்பளிக்குள் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"கெவன் கோச் இத்வால்!" என்றார், எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி. "உங்க பெட்டை ஒண்ணு இன்னும் என் சுனையிலதான் இருக்கு. வந்து ஓட்டிட்டுப் போங்க. போறப்ப கேட்டை மட்டும் சாத்திட்டுப் போங்க."